கல்லடியிலா, வந்தாறுமூலையிலா, செங்கலடியிலா? வாடகை அறை தேடும் தங்கச்சிக்கு

கேள்வி இது: "கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் தொடங்கப் போகிறது. விடுதியில் இந்த முறை இடமில்லை. ஊர் பதுளைப் பக்கம் லுணுகலை. மூன்று பேர் சேர்ந்து கல்லடியில் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அழகான இடம், வாடகையும் கட்டுப்படியாகிறது. எடுக்கலாமா, வேறு எங்காவது பார்க்கலாமா?"

எடுக்க வேண்டாம், தங்கச்சி. முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல்லடியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. மட்டக்களப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கினால் வெயிலின் களைப்பெல்லாம் போய்விடும். 1924இல் திறந்த பழைய பாலத்தில் அந்தி நேரம் நின்று வாவியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீங்கள் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனமோ சங்கீதமோ படிப்பவராக இருந்தால், உடனே எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். அது கல்லடியிலேயே இருக்கிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் நகரப் பக்கம்தான் சரி. போதனா வைத்தியசாலை அங்கே இருக்கிறது. உங்கள் வளாகமோ வந்தாறுமூலையில், நகரத்திலிருந்து வடக்கே 16, 17 கிலோமீட்டர். கல்லடியிலிருந்து பாலம் தாண்டி நகரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து வாழைச்சேனைப் பக்கம் போகும் இன்னொரு பஸ். போக இரண்டு, வர இரண்டு. வாடகையில் மிச்சம் பிடிக்கும் காசு பஸ்ஸுக்குப் போய்விடும். காசைக்கூட விடுங்கள், போகும் நேரத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

நான் கல்முனைப் பக்கம். நாலு வருடப் படிப்பில் முதல் வருடம் விடுதி. அதன் பிறகு நாலு வீடு மாறினேன். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன்.

முதல் வீடு ஊறணியில், நகரத்தின் வடக்கு விளிம்பில். காலையில் பெரிய சிரமமில்லை. நெரிசல் இருந்தாலும் பஸ் அடிக்கடி வரும், நின்றுகொண்டே போய்விடலாம். சிரமம் பின்னேரத்தில்தான். செய்முறை வகுப்பு நாலரைக்கோ ஐந்துக்கோ முடியும். வாசலில் நின்று கை காட்டினால், திருகோணமலையிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் வரும் பஸ்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். குறுந்தூரப் பயணிகளுக்காகப் பல பஸ்கள் நிற்காது. மழை நாளில் ஒருமுறை ஏழு மணி வரை நின்றேன். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் நானும் ஒரு கச்சான் கடலை விற்கும் அம்மாவும்தான் மிஞ்சினோம். பஸ் வரும் வரை அந்த அம்மா பெட்டியைக் கட்டாமல் எனக்காகவே இருந்தார். அதற்குப் பிறகு பயந்து, நாலு மணிக்கே புத்தகத்தை மூடிவிட்டு நூலகத்திலிருந்து ஓடத் தொடங்கினேன். நல்ல இடத்தில் இருந்துகொண்டு படிக்கத்தான் அறை எடுக்கிறோம். எனக்கோ அந்த அறையே படிக்கும் நேரத்தைத் தின்றுவிட்டது.

ஆகவே வளாகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று, மூன்றாம் வருடம் வந்தாறுமூலையிலேயே ஓர் அறை பார்த்தேன். பார்த்தது ஆவணியில். வெள்ளை மணல் ஒழுங்கை, முருங்கை மரம், தென்னோலை வேலி, கண்ணாடி போலத் தண்ணீர் நிற்கும் கிணறு, வளாகத்துக்கு நடை தூரம். வீட்டுக்கார அம்மாவும் தங்கமானவர். வாடகையோ நான் ஊறணியில் கொடுத்ததில் பாதியைவிடச் சற்றே அதிகம். இவ்வளவு மலிவாக ஏன் தருகிறார்கள் என்று ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. அன்றைக்கே காசைக் கொடுத்தேன்.

மார்கழி இரண்டாம் கிழமை. மூன்று நாள் மழை விடவில்லை. இரவு பதினொரு மணியளவில் குளியலறைப் பக்கம் குமிழி விடும் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், வெள்ளம் வாசலால் வரவில்லை. மலசலகூடக் குழி நிரம்பி, உள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமும் தண்ணீர் ஏறியது. நானும் என்னோடு இருந்த பிள்ளையும் கட்டிலின் மேல் மேசையை ஏற்றி, மேசையின் மேல் புத்தகங்களை ஏற்றினோம். கட்டிலுக்கு அடியில் காட்போட் பெட்டி ஒன்றில் இரண்டு வருடக் குறிப்புகள் இருந்தன. அதை மறந்துவிட்டோம். விடிந்த பிறகு எடுத்தபோது நீல மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. கிணற்றுத் தண்ணீரைப் பிறகு மூன்று கிழமை வாயில் வைக்க முடியவில்லை. குழி நிரம்பி ஓடிய வெள்ளம் கிணற்றுக்குள்ளும்தானே இறங்கியிருக்கும்?

அறையைக் காலி செய்த நாளில்தான் ஒன்றைக் கவனித்தேன். நாலு சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு மட்டும் பூச்சு புதிது. மேலே பழைய மஞ்சள், கீழே கொஞ்சம் வெளிறிய மஞ்சள். அலுமாரியை நகர்த்தினால் பின்னால் பூசாமல் விட்ட இடத்தில், அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு பழுப்புக் கோடு. ஒவ்வொரு மாரிக்கும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. சுவர் அதை மறைக்கவே இல்லை, நான்தான் பார்க்கவில்லை.

நீங்கள் மலையிலிருந்து வருகிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் மழை என்றால் மண்சரிவுப் பயம். எங்கள் பக்கம் தரை தட்டை, தண்ணீர் ஓடாது, நிற்கும். ஐப்பசி கடைசியில் தொடங்கும் வாடை மழை தை வரை பெய்யும். மேற்கே படுவான்கரையின் குளங்களும் ஆறுகளும் நிரம்பி அந்த வெள்ளம் முழுவதும் வாவிக்குத்தான் வரும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. அதனால்தான் பெரிய மழை என்றால் "முகத்துவாரம் வெட்டியாயிற்றா?" என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். வெட்டினால் வாவி ஓரத்து வீடுகளில் தண்ணீர் வடியத் தொடங்கும். வயல் ஓரத்து ஒழுங்கைகளில் அது வேறு கதை, அங்கே நாட்கணக்கில் நிற்கும்.

ஊர்ப் பெயர்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். வெளி, ஓடை, கேணி, குடா, மடு என்று முடியும் பெயர்களைப் பழைய ஆட்கள் சும்மா வைக்கவில்லை. பெயரை மட்டும் வைத்து ஓர் இடத்தைத் தள்ளிவிட முடியாதுதான், மண் போட்டு உயர்த்திக் கட்டிய நல்ல வீடுகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் பெயரில் தண்ணீர் இருந்தால் வாயில் கேள்வி இருக்க வேண்டும். கேட்க வேண்டியது வீட்டுக்காரரிடம் அல்ல, அந்த ஒழுங்கை முனையில் இருக்கும் கடையில். "2011 தை வெள்ளத்தில் இந்த வளவில் எவ்வளவு ஏறியது? 2024 கார்த்திகையில்?" என்று கேளுங்கள். 2011ஐ மறந்தவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. முழங்கால், இடுப்பு என்று உடம்பில் கை வைத்தே காட்டுவார்கள்.

மூன்றாவது வீடு செங்கலடியில். சந்திக்குக் கிட்ட, மேல்மாடி, வெள்ளப் பயம் இல்லை. கடை, சந்தை, அரச வைத்தியசாலை எல்லாம் பக்கத்தில். வளாகத்துக்குச் சைக்கிளில் கால் மணித்தியாலம். எல்லாம் பொருந்தி வந்தது என்று நினைத்தேன். அங்கே இன்னொரு பாடம். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெற்றோர் மகளுக்கென்று சிறுகச் சிறுக ஒரு வீட்டைக் கட்டுவார்கள். கலியாணம் வரும் வரை அதை வாடகைக்கு விடுவார்கள். மாணவர்களுக்குக் கிடைக்கும் நல்ல வீடுகளில் பல இப்படிப்பட்டவைதான். நான் இருந்ததும் அந்த வீட்டு மகளுக்குக் கட்டியது. தையில் நாள் குறித்தார்கள். என் பரீட்சையும் அதே தையில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே கேட்காதது என் தவறு. கலியாணத்துக்குப் பலகாரம் சுடும் வாசனை வீட்டை நிறைக்க, நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கூச்சப்படாமல் கேளுங்கள்: "மகளுக்கு எப்போது கலியாணம் பேசுகிறீர்கள், அம்மா?" இங்கே இது தப்பான கேள்வி இல்லை, சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். அதோடு, எழும்பச் சொல்வதென்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, முற்பணத் தொகையையும் குறித்து இருவரும் கையெழுத்து வையுங்கள்.

இப்போது உங்கள் விடயத்துக்கு வருகிறேன். லுணுகலையிலிருந்து வருகிறவருக்குச் செங்கலடியில் ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாக வரும் வீதி முடிவதே செங்கலடிச் சந்தியில்தான். உங்கள் ஊர்ப் பஸ் உங்களை இறக்கிவிடும் இடமும், விடுமுறைக்கு ஏற்றிக்கொள்ளும் இடமும் அதுதான். கல்லடியில் இருந்தால் நீங்கள் நகரம் வரை போய், பெட்டிகளோடு இன்னொரு பஸ் ஏற வேண்டும். அம்மா அப்பா பார்க்க வந்தாலும் சந்தியில் இறங்கினால் போதும். ஆகவே என் யோசனை, செங்கலடிச் சந்திக்கும் வளாகத்துக்கும் இடையில், கொம்மாதுறைப் பக்கம், பிரதான வீதியிலிருந்து உள்ளே ஐந்து நிமிட நடைக்கு மேல் போகாத ஒரு வீடு. மூன்று பேருக்கும் சைக்கிள் இருந்தால் பஸ்ஸே தேவைப்படாது. இரவு எட்டு மணிக்கு நூலகத்திலிருந்து வந்தாலும் வீதி விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் ஏறாவூரையும் சிலர் சொல்வார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை, இரவு நேரம் கழித்தும் கிடைக்கும். வெள்ளி மதியம் கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு தேட முடியாது, அவ்வளவுதான். சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் பொருட்டில்லை. வளாகத்துக்குத் தூரம் கொஞ்சம் கூட, அதனால் எனக்கு இரண்டாவது தெரிவு.

எங்கே எடுத்தாலும் கூரையைப் பாருங்கள். குளிர் ஊர்ப் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் போட்ட அறைக்குள் பகலில் இருக்கவே முடியாது. ஓட்டுக் கூரையும் மேற்குப் பக்கம் ஒரு மாமரமும் இருந்தால் பிழைத்தீர்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உவர்ப்பாக இருந்தால் தலைமுடியும் துணியும் அதைச் சொல்லும். மின்மானி தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். நம் நாட்டில் பாவிக்கும் அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே மானி என்றால், நீங்கள் ஒரு மின்விசிறிதான் பாவித்தாலும் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் உயர்த்திய விலையிலேயே உங்களுக்கும் கணக்கு வரும். மகாபொல புலமைப்பரிசில் காசை நம்பிப் படித்த எனக்கு அந்த வித்தியாசம் பெரியது.

வைகாசியில் அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் வளவுக்குள் மீன், இறைச்சி சமைக்க விடமாட்டார்கள். அதை முதலே தெரிந்துகொண்டு மதித்து நடந்தால், சடங்கு முடிந்ததும் உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்தே பொங்கல் வரும்.

இன்னும் ஒரே ஒரு வேலை. வீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை பகலில். இன்னொரு முறை வளாக வாசலிலிருந்து மாலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, மூன்று பேரும் அந்த அறை வரை நடந்தோ சைக்கிளிலோ போய்ப் பாருங்கள். ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா, நாய்கள் எப்படி, படலையைத் திறந்தால் வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்குமா என்று அப்போதுதான் தெரியும். முடிந்தால் கார்த்திகைக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன் எடுக்க வேண்டிய நிலை என்றால், அலுமாரியை நகர்த்திப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நான் கடைசியாக இருந்த கொம்மாதுறை வீட்டில் இப்போது வேறு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். போன மாரியில் பெரிய மழை பெய்த மறுநாள் அழைத்துக் கேட்டேன். வாசலில் மூன்று படி, தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது என்றார்கள்.