வேலூர் சிஎம்சியில் அப்பாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை: எஃப்டியை உடைப்பதா, நகையை வைப்பதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. வாய்ப் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது. வேலூர் சிஎம்சியில் அறுவை சிகிச்சை, பிறகு ஆறு வாரம் ரேடியேஷன். என் சம்பளம் மாதம் 65,000 ரூபாய். அலுவலக குரூப் இன்ஷூரன்ஸில் பெற்றோருக்கு 3 லட்சம் கவர் இருக்கிறது. வங்கியில் 6 லட்சம் எஃப்டி, வீட்டில் 20 பவுன் நகை உண்டு. எஃப்டியை உடைப்பதா, நகையை அடகு வைப்பதா, அப்பாவுக்கு இப்போதே புது பாலிசி எடுப்பதா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: புது பாலிசி யோசனையை விட்டுவிடுங்கள். பயாப்சி ரிப்போர்ட் கையில் இருக்கும்போது பெரும்பாலான நிறுவனங்கள் தரமாட்டா. மறைத்து வாங்கினால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். நகையையும் தொட வேண்டாம். உங்களுக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை.

முதலில் அலுவலக ஹெச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அறை வாடகை வரம்பு எவ்வளவு, பெற்றோருக்கு கோ-பே (க்ளெய்மில் நாமே கட்ட வேண்டிய பங்கு) உண்டா, பாலிசி புதுப்பிக்கும் தேதி எது. பணம் கரைவது பெரும்பாலும் அறை வாடகையில்தான். வரம்பு கவர் தொகையில் 1% என்றால் உங்களுக்கு நாளுக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் அறையில் எட்டு நாள் தங்கினால் வித்தியாசம் 24,000 தானே என்று தோன்றும். அப்படி நிற்காது. ஒரு மாதிரிக் கணக்கு: அறை 48,000, டாக்டர்-தியேட்டர்-நர்சிங் கட்டணம் 1,40,000, மருந்தும் பரிசோதனையும் 90,000, மொத்தம் 2,78,000. அறை வாடகையில் பாதிதான் வரம்புக்குள் வருவதால், டாக்டர், தியேட்டர், நர்சிங் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, பரிசோதனை, இம்பிளான்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. ஆக, கிடைப்பது 24,000 + 70,000 + 90,000 = 1,84,000. அதில் 20% கோ-பே போனால் 1,47,200. மீதி 1,30,800 உங்கள் கையிலிருந்து. அறை எடுத்த அன்றே இது முடிவாகிவிடுகிறது. டிஸ்சார்ஜ் அன்று இன்ஷூரன்ஸ் கவுன்டரில் வாதாடிப் பயனில்லை.

சிஎம்சியில் ஜெனரல், பிரைவேட் என்று இரு பிரிவு உண்டு. 1900-இல் தொடங்கிய போதனா மருத்துவமனை அது. ஜெனரல் பிரிவில் இளநிலை டாக்டர்கள் அதிகம் பார்ப்பார்கள், காத்திருப்பும் நீளும். ஆனால் பிரிவு மாறினால் சிகிச்சை முறை மாறிவிடாது. உங்கள் கணக்குக்கு ஜெனரல் பிரிவே பொருந்தும். கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸே நேரடியாகக் கட்டுவது) உண்டா என்பதை டிபிஏவிடம் (இன்ஷூரன்ஸ் சார்பில் க்ளெய்மைக் கையாளும் நிறுவனம்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முழுத் தொகையையும் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்க வேண்டும், அதற்குத்தான் எஃப்டி.

ரேடியேஷன் வழக்கமாக வாரம் ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு 30 அமர்வு. படுக்கையில் சேர்க்காவிட்டாலும் டே-கேர் என்ற கணக்கில் பெரும்பாலான பாலிசிகள் தருகின்றன. அறுவைக்கே கவர் தீர்ந்துவிட்டால்? புதுப்பிக்கும் தேதியைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். இடையில் பாலிசி புதுப்பிக்கப்பட்டால், அதற்குப் பிந்தைய அமர்வுகள் புதிய ஆண்டின் 3 லட்சத்தில் வருமா என்று டிபிஏவிடம் இப்போதே கேட்டுவையுங்கள். அதற்காக ரேடியேஷனை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை முடியும்வரை வேலை மாறவும் வேண்டாம். வேலையோடு குரூப் கவரும் போய்விடும்.

பில்லில் வராத செலவு தனி. தாடை ரேடியேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் போகச் சொல்வார்கள், பழுதான பல்லைப் பிடுங்குவார்கள். அதற்குப் பெரும்பாலும் கவர் கிடையாது. துணைக்கு ஒருவர் ஆறு வாரம் தங்க வேண்டும். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் சமையல் வசதியோடு அறை கிடைக்கும் (பெயர்ப்பலகை வங்காள மொழியில் இருந்தால் திகைக்க வேண்டாம்). ஆனால் டவுன் வளாகமா, 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகமா என்று அப்பாயின்ட்மென்ட் சீட்டைப் பார்த்த பிறகே அறை தேடுங்கள். இரண்டுக்கும் இடையே நல்ல தூரம். புற்றுநோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, துணையாளுக்கும் உண்டு. சலுகைப் படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்குங்கள்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு. உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்காது.

வருமான வரியில் 80டிடிபி பிரிவில் மூத்த குடிமக்கள் சிகிச்சைக்கு 1 லட்சம் வரை கழிவு என்று யாராவது சொல்வார்கள். இன்ஷூரன்ஸில் வந்த தொகை அந்தக் கழிவிலிருந்தே குறையும்; உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. தவிர, 2025-26 நிதியாண்டில் 7.8 லட்சம் சம்பளத்துக்குப் புதிய வரிமுறையில் வரியே இல்லை.

எஃப்டியை உடைக்காமல் அதன்மேல் ஓவர்டிராஃப்ட் (எஃப்டியை ஈடாகக் காட்டி வேண்டும்போது எடுக்கும் கடன்) வாங்குங்கள். பொதுவாக 90% வரை கிடைக்கும். வட்டி எஃப்டி வட்டியைவிட 1 முதல் 2% கூடுதல், எடுத்த தொகைக்கு மட்டும். இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் கடனை அடைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் நிலுவை நின்றால், அந்த அளவுக்கு மட்டும் எஃப்டியை உடைத்து அடைத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு மட்டும் தனி பாலிசி இப்போதே எடுங்கள். சுகர், பிரஷர் இருந்தால் சொல்லியே எடுங்கள். அவற்றுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை.