தொலைதூர விண்மீனில் இரும்பை அளப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறு விண்மீன் மண்டலங்களில் (பால்வீதியைவிட மிகச் சிறிய விண்மீன் கூட்டங்களில்) உள்ள சில விண்மீன்களில் சூரியனில் இருப்பதைப் போல 100-ல் ஒரு பங்கு இரும்புதான் உள்ளது என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு புள்ளியில் இரும்பை எப்படி அளந்தார்கள்? இது அளவீடா, ஊகமா?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

அளவீடுதான். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் கரிய கோடுகள் தெரியும். அதன் மேற்பரப்பு வாயுவில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களை விழுங்குவதால் விழும் கோடுகள் அவை. கோடு எங்கே விழுகிறது என்பது தனிமத்தைக் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு இருக்கிறது என்பது அத்தனை சுலபமில்லை. ஒரே அளவு இரும்பு, குளிர்ந்த விண்மீனில் ஆழமான கோடாகவும் சூடான விண்மீனில் மெல்லிய கோடாகவும் தெரியும். 1925-லேயே வானியலாளர் சிசிலியா பெய்ன் இதை விளக்கிவிட்டார். எனவே முதலில் வெப்பநிலையையும் மேற்பரப்பு ஈர்ப்பையும் கண்டுபிடித்து, அந்த விண்மீனின் வளிமண்டலத்தைக் கணினியில் உருவாக்கி, கோடுகள் பொருந்தும்வரை இரும்பைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறார்கள்.

குறு மண்டலங்களில் பிரகாசமான செம்பூத விண்மீன்கள் (முதுமையில் ஊதிப் பெருத்தவை) மட்டுமே இதற்குக் கிடைக்கும். அவையும் இங்கிருந்து மங்கலாகவே தெரியும். பெரிய தொலைநோக்கிகூட ஒரே விண்மீனை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ரெட்டிக்குலம் 2 என்ற குறு மண்டலத்தைச் சொல்வேன். 2015-ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மண்டலம் முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ ஆயிரம் சூரியன்களின் ஒளியைத்தான் தருகிறது. வானியலாளர்கள் அலெக்சாண்டர் ஜீயும் அன்னா ஃப்ரெபலும் அவர்களது குழுவினரும் சிலியிலுள்ள மெகெல்லன் தொலைநோக்கியால் அதன் 9 விண்மீன்களைப் பார்த்தார்கள். 412.9 நானோமீட்டரில், ஊதா முனையில், யூரோப்பியம் என்ற, இரும்பைவிடக் கனமான தனிமத்தின் கோடு ஒன்று உண்டு. இதே போன்ற மற்ற மங்கலான மண்டலங்களில் பெரும்பாலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். இங்கே 7 விண்மீன்களில் யூரோப்பியம் முதலிய கனமான தனிமங்கள் கொட்டிக் கிடந்தன. அரிதான ஒரே ஒரு நிகழ்வு, அநேகமாக இரு நியூட்ரான் விண்மீன்களின் (பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உருண்டைகளின்) மோதல், அந்தச் சிறு மண்டலத்தின் வாயு முழுவதிலும் அவற்றைக் கலந்துவிட்டிருக்கிறது. பால்வீதி போன்ற பெரிய மண்டலத்தில் அந்தத் தடம் கரைந்தே போயிருக்கும். குறு மண்டலங்கள் மேல் எனக்குள்ள தீராத ஈர்ப்புக்கு இதுவே காரணம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இத்தகைய அளவீடுகளில் 40 சதவீதம்வரை பிசகு சாதாரணம். 100-ல் ஒன்று என்று நான் எழுதியதை, 70-ல் ஒன்றுக்கும் 140-ல் ஒன்றுக்கும் இடையே என்று படியுங்கள். கட்டுரையிலும் திருத்திவிட்டேன்.