மைசெல்ஃப் எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: ‘ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்’ என்று மின்னஞ்சலில் எழுதினேன். ‘மீ’ என்று மாற்றச் சொல்கிறார் மேலாளர். மைசெல்ஃப்தானே மரியாதை?

மேலாளர் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வந்த புதிதில், ஜூரோங்கில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி என் பெயரைச் சொன்னேன். எதிரே இருந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. ஊரில் கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வோம். ‘ஐ ஆம்’ என்று ஆரம்பித்திருந்தால் போதும்.

இதைப் பிடிக்கத் தமிழே உதவும். மைசெல்ஃப் போடத் தோன்றும்போது அந்த இடத்தில் ‘என்னை நானே’ என்று வைத்துப் பாருங்கள். ‘என்னை நானே திட்டிக்கொண்டேன்’ பொருந்துகிறது. ‘ஐ ஸ்கோல்டட் மைசெல்ஃப்’ சரி. ‘என்னை நானே தொடர்புகொள்ளுங்கள்’ என்று யாராவது சொல்வார்களா? தொடர்புகொள்ளப் போவது அவர், நான் இல்லை. செய்கிறவரிடமே செயல் திரும்பி வந்தால்தான் செல்ஃப்.

கூட இன்னொருவர் பெயர் சேரும்போதுதான் பலரும் வழுக்குவது. ‘காண்டாக்ட் மை கொலீக் ஆர் மைசெல்ஃப்’ என்று எழுதினால் ஏதோ கனமாக இருப்பதுபோல் ஒரு மயக்கம். கொலீக்கைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு வாசியுங்கள், ‘மீ’தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் ‘மீ’ பணிவில்லாத சொல் கிடையாது. நாம்தான் நீ, நீங்கள் என்று படி பிரித்துப் பழகிவிட்டு, அங்கேயும் ஒரு படி மேலே தேடுகிறோம். இதே பழக்கத்தில், பெரியவர் ஒருவரிடம் ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு ‘ஹெல்ப் யுவர்செல்வ்ஸ்’ என்று சொன்னவன் நான். ஒருவர் என்றால், எவ்வளவு பெரியவரானாலும், யுவர்செல்ஃப்தான்.

செல்ஃபுக்கு இன்னொரு வேலையும் உண்டு, நம்முடைய ஏகாரத்தின் வேலை. ‘முதலாளியே வந்தார்’ என்பதற்கு ‘தி பாஸ் ஹிம்செல்ஃப் கேம்’. ‘நானே சமைத்தேன்’ என்றால் ‘ஐ குக்ட் இட் மைசெல்ஃப்’. இங்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், அழுத்தம்தான் போகும்.

சரி, தமிழில் ‘கொள்’ வருகிற இடமெல்லாம் செல்ஃப் போடலாமா? அங்கேதான் தமிழ் காலை வாரும். கத்தி பட்டு வெட்டிக்கொண்டால் ‘ஐ கட் மைசெல்ஃப்’. ஆனால் சவரம் செய்துகொண்டால் வெறும் ‘ஐ ஷேவ்டு’, ஓய்வெடுத்துக்கொண்டால் வெறும் ‘ஐ ரிலாக்ஸ்டு’. உடம்பு தேவலை என்பதற்கு ‘ஐ ஃபீல் மைசெல்ஃப் பெட்டர்’ என்று எழுதாதீர்கள், மைசெல்ஃபைத் தூக்கிவிடுங்கள். இதற்கு நேர் எதிர், என்ஜாய். ‘நல்லா என்ஜாய் பண்ணினேன்’ என்று நாம் மொட்டையாக விடுவோம். அங்கே என்ன என்ஜாய் செய்தோம் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ‘ஐ என்ஜாய்டு மைசெல்ஃப்’. இவற்றுக்கெல்லாம் குறுக்குவழி கிடையாது, வினைச்சொல் ஒவ்வொன்றாகப் பழக வேண்டியதுதான்.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகன் ‘ஹிஸ்செல்ஃப்’ என்று எழுதியிருந்தான். நியாயமான தப்பு! மை, யுவர், அவர் (our) எல்லாம் ‘என், உன், எங்கள்’ வகையில் செல்ஃபோடு சேர்கின்றன. ஹிம்மும் தெம்மும் மட்டும் ‘அவனை, அவர்களை’ வகை. அவனுடைய இன்னொரு தப்பு எனக்கு மிகவும் பிடித்தது. சண்டை போட்ட இரண்டு பையன்களைப் பற்றி ‘தே ஹிட் தெம்செல்வ்ஸ்’ என்று எழுதியிருந்தான். இரண்டு பேரும் தங்கள் தலையில் தாங்களே அடித்துக்கொண்டார்கள் என்று ஆகிவிட்டது. ‘ஒருவரையொருவர்’ என்றால் ‘ஈச் அதர்’.

இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு தலைவலியையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: ஓன்செல்ஃப் (ownself). நான், நீ, அவன், அவர்கள், எல்லோருக்கும் அது ஒன்றுதான். சீனத்தில் ‘ட்சுஜி’, மலாயில் ‘செண்டிரி’ இரண்டும் அப்படியே ஆளுக்கு ஆள் மாறாமல் நிற்பவை. அந்த வார்ப்பில்தான் இதுவும் இருக்கிறது. ‘ஓன்செல்ஃப் செக் ஓன்செல்ஃப்’, அதாவது தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வது, என்பதைத் தேர்தல் சமயத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கோப்பிக் கடையில் ‘ஓன்செல்ஃப் பே’ என்று தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்வேன். மேலாளருக்குப் போகும் மின்னஞ்சலில் மட்டும் ‘ப்ளீஸ் காண்டாக்ட் மீ’.