யாழ்ப்பாணத்தில் நான்கு பேர் உள்ள வீட்டுக்குத் தினமும் ஜூஸ் அடிக்க எந்த ஜூசர் வாங்கலாம்?

எங்கள் வீட்டுக்கு இதுவரை மூன்று ஜூசர் வந்திருக்கிறது. ஒன்று எரிந்துபோனது, ஒன்று பரணில் கிடக்கிறது, ஒன்றுதான் ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எதைப் பிழியப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். தேசிக்காய்க்கும் தோடம்பழத்துக்கும் கையால் பிழியும் சின்னச் சாமானே போதும். மாம்பழம், பப்பாப்பழம் இரண்டையும் ஜூசரில் போடவே வேண்டாம். சதை வலையில் அப்பிக்கொள்ளும், சாறு இறங்காது. அவற்றுக்குப் பிளெண்டர்தான். நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஜூசருக்குள் தள்ளுகிற ஆளை எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் குசினிக்குள் விட்டிருக்க மாட்டா. வத்தகப்பழம், அன்னாசி என்றாலும் பிளெண்டரில் அடித்து வடித்தால் சரி.

ஆக, ஜூசர் உண்மையில் தேவைப்படுவது கரட், பீற்றூட், இஞ்சி, நெல்லி, வல்லாரை போன்றவற்றுக்குத்தான். முந்திரிகைப்பழத்தையும் (திராட்சை) சேர்த்துக்கொள்ளலாம். இங்கே விளையும் கறுப்பு முந்திரிகையில் விதை உண்டு. பிளெண்டரில் அடித்தால் விதையும் அரைபட்டுக் கசக்கும்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று வேகமாகச் சுற்றுவது. அடியில் பல்லுள்ள தட்டு, சுற்றிவர வலை, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று. விலை குறைவு, வேலையும் கெதியாக முடியும். ஆனால் நுரை தள்ளும், சக்கை ஈரமாகவே வரும். வல்லாரையைப் போட்டால் பாதி இலை அப்படியே சக்கையோடு போய்விடும். எங்கள் பரணில் இருப்பது இந்த வகை. மற்றது மெதுவாகப் பிழிவது. உள்ளே திருகாணி மாதிரி ஒரு தண்டு நிமிடத்துக்கு நாற்பது முதல் நூறு சுற்று வரை சுற்றி, செக்கு ஆட்டுவதுபோல நசுக்கி எடுக்கும். சத்தம் குறைவு, சக்கை காய்ந்து வரும், இலையும் பிழிபடும். ஆனால் விலை பல மடங்கு. கரட்டைச் சின்னதாக வெட்டிப் போட வேண்டும், அவசரப்பட்டுத் தள்ளினால் இறுகி நின்றுவிடும். பின்பக்கமாகச் சுற்றும் பொத்தான் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேகமானதில் சூடாகிச் சத்தெல்லாம் போய்விடும் என்று சொல்லி விலை கூடியதை விற்கப் பார்ப்பார்கள். ஒரு நிமிட ஓட்டத்தில் சாறு அவ்வளவு சூடாவதில்லை, அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

உண்மையான சோதனை கழுவும்போதுதான். பீற்றூட் அடித்த வலையை அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள், பழைய பல் துலக்கும் பிரஷ் தேய்ந்துவிடும். அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைப் படிவு கொஞ்சம் கொஞ்சமாக வலையின் கண்களையும் அடைக்கும். அம்மா மாதம் ஒருக்கா தேசிக்காய்ப்புளி கலந்த தண்ணீரில் ஊறப் போட்டுத் தேய்ப்பா, பளிச்சென்று வந்துவிடும். ஆகவே வாங்க முன் எத்தனை துண்டாகக் கழற்றுவது, வலை கிழிந்தால் வலையும் றப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். எத்தனை வாட்ஸ் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட விடலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அதை மீறினால் மோட்டர் சூடாகும்.

எரிந்துபோனதன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கனடாவில் இருந்து அக்கா ஆசையாகக் கொண்டுவந்தது. இங்கே நமக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேட்ஸ் (மின்சாரம் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்ற கணக்கு). அங்கே 120 வோல்ற், 60 ஹேட்ஸ். நான் பிளக் மாற்றும் அடப்டர் போட்டுக் குத்தினேன். அது பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊளையிட்டுச் சுற்றியது, மணம் வந்தது, முடிந்தது. வோல்ற் குறைக்கும் டிரான்ஸ்போமர் வைத்தால் ஓடும்தான், ஆனால் அது கல்லுப்போல பாரம், ஜூசரின் வாட்ஸை விடக் கூடிய சக்தி உள்ளதாகவும் வேண்டும். ஹேட்ஸை அது மாற்றாது. கனடாச் சொந்தக்காரர் கேட்டால் சொக்கிலேற் கொண்டுவரச் சொல்லுங்கள். லண்டன் சாமான் பரவாயில்லை, அங்கேயும் 230 தான்.

வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் ஜூஸ் வேண்டாம், பழமாகவே கடித்துச் சாப்பிடட்டும். சாற்றின் சீனியையும் குறைக்க வேண்டிய சீனியாகத்தான் உலக சுகாதார அமைப்பு 2015இல் கணக்கில் சேர்த்தது. எங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லி நிறுத்தவே ஒரு வருடம் பிடித்தது.

உங்கள் நான்கு பேருக்கும் உடனே மெதுவாகப் பிழிவதை வாங்கச் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு மாதம் கரட்டைத் தண்ணீர் விட்டுப் பிளெண்டரில் அடித்து, பழைய வேட்டித் துண்டில் பிழிந்து குடித்துப் பாருங்கள். நாலாவது கிழமையும் யாராவது கரட் சீவிக்கொண்டிருந்தால் ரவுணுக்குப் போய் அதை வாங்குங்கள். சக்கையை எறிய வேண்டாம், பக்கத்து வீட்டு ஆட்டுக்கு நல்ல விருப்பம்.