ராணுவக் கேஸில் குண்டு ஏன் வேகமாகப் போகிறது?

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “.308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறேன். வெடிமருந்தும் அதன் அளவும் குண்டும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும் ஒன்றுதான். ஆனால் கடையில் வாங்கிய கேஸைவிட (தோட்டாவின் உலோகக் கூடு) ராணுவக் கேஸில் வினாடிக்குச் சுமார் 25 அடி வேகம் கூடுகிறது. ராணுவப் பித்தளை உயர்ந்த ரகமா?”

இரண்டுமே 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைதான். ராணுவக் கேஸ்களில் பெரும்பாலும் சுவரும் அடிப்பாகமும் தடிமனாக இருக்கும். வெளி அளவு மாறாததால் அந்தத் தடிமன் உள்ளே இருக்கும் இடத்தைத்தான் குறைக்கிறது. அதே மருந்து சின்ன இடத்தில் எரிந்தால் அழுத்தம் கூடும், குண்டும் வேகமாகப் போகும்.

நீங்களே அளந்து பாருங்கள். சுட்ட கேஸை, சைஸ் செய்யாமல் (பழைய அளவுக்கு அழுத்திச் சுருக்காமல்), பழைய பிரைமரோடு எடை போடுங்கள். வாய்வரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போடுங்கள். ஒன்று 56 கிரெயின் (தோட்டாக்காரர்கள் பயன்படுத்தும் சின்ன எடை அலகு) தண்ணீரும் மற்றது 54 கிரெயினும் பிடிக்கிறது என்று வையுங்கள். இடம் மூன்றரை சதவீதம் குறைவு. வேகம் ஏறுவது அதில் ஏறக்குறைய கால் பங்கு என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. வினாடிக்கு 2,650 அடி வேகத்தில் அது 23, 24 அடி வரும். உங்கள் 25 அடி அங்கிருந்துதான் வருகிறது.

வேகம் ஒரு சதவீதம்கூட ஏறாதபோதே அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு ஏறிவிடும். எனக்குக் கவலை அதில்தான். கேஸை மாற்றினால் மருந்தைப் பத்து சதவீதம் குறைத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிரைமர் தட்டையாவதும் துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் இறுகுவதும் தாமதமாகத் தெரியும் அறிகுறிகள். அதற்கு முன்பே, தோட்டா நிரப்பும் கையேடு சொல்லும் வேகத்தை, வேகம் அளக்கும் உங்கள் குரோனோகிராஃபில் குண்டு தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு வகைக் கேஸையும் ஒரே பெட்டியில் கலக்கவே கலக்காதீர்கள்.

நிக்கல் பூசிய பித்தளையில் பூச்சு மிக மெல்லியது, அதனால் வேகத்தில் சொல்லும்படி மாற்றம் இராது. எஃகுக் கேஸின் எடையைப் பித்தளையோடு ஒப்பிட்டு உள்ளிடத்தை ஊகிக்காதீர்கள், அடர்த்தி வேறு. அதையும் தண்ணீர் ஊற்றித்தான் அளக்க வேண்டும்.

உலோகமே வேகத்தைத் தீர்மானிக்கும் இடமும் ஒன்று உண்டு. .277 ஃப்யூரி என்ற தோட்டாவின் கலப்புக் கேஸில் அடிப்பாகம் எஃகு, உடல் பித்தளை. .308-க்கு அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, இதற்கு 80,000. எஃகு அடிப்பாகம் அந்த அழுத்தத்தைத் தாங்குவதால்தான் குட்டைக் குழலிலும் அத்தனை வேகம். உங்கள் .308 துப்பாக்கி அதற்காகச் செய்யப்பட்டது இல்லை.