வாங்கிய வீடியோ கேமுக்குள் மறுபடியும் காசு கேட்கிறார்களா, மகன் ஏமாற்றுகிறானா?

கேள்வி: மகனுக்குப் போன மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு சண்டை கேம் வாங்கித் தந்தேன். இப்போது அதில் ஒரு வீரனைத் திறக்க இன்னும் பணம் கட்ட வேண்டும் என்கிறான். உண்மையிலேயே அப்படி உண்டா? கொடுக்கலாமா?

பதில்:

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வியைப் படித்தபோது வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும் என்று தோன்றியது. அவன் கேட்பதை டிஎல்சி என்பார்கள். கேம் வெளியான பிறகு தனியாக இறக்கிக்கொள்கிற கூடுதல் பகுதி. சிலது இலவசம், பலது காசு.

எந்த கேம் என்று நீங்கள் எழுதவில்லை. சண்டை கேம் என்றதும் எனக்கு டெக்கன்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தப் பதிலே.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். 2003-ல் எட்டாம் வகுப்பு. எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேம் கடை இருந்தது. நாலு டிவி, நாலு ப்ளேஸ்டேஷன், மணிக்குப் பத்து ரூபாய். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே நாள் முழுக்க ஓடியது டெக்கன் 3. அதில் ஆரம்பத்தில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். ஒருவனை வைத்துக் கடைசிவரை அடித்து முடித்தால் புதிதாக ஒருவன் திறப்பான். அடுத்தவனை வைத்து முடித்தால் இன்னொருவன். கரடி வரும், மரக்கட்டை மோக்குஜின் வரும், கிழவன் ஹெய்ஹாச்சி வருவான். மெமரி கார்டில் சேமிக்காமல் கரன்ட் போனால் எல்லாம் போச்சு, திரும்பவும் பத்துப் பேரிலிருந்து தொடங்க வேண்டும்.

பாயிடம் இருந்த மெமரி கார்டு ஒன்று முதலில் காலியாகத்தான் இருந்தது. அந்த வருடக் கோடை விடுமுறையில் நானும் என் நண்பனும் உட்கார்ந்து அதை முழுதாகத் திறந்தோம். அதற்காகப் பாய் எங்களிடம் ஒரு மணி நேரக் காசைக்கூட வாங்காமல் விட்டதுண்டு. அதற்கப்புறம் கொருக்குப்பேட்டையிலிருந்து, காசிமேட்டிலிருந்து என்று எந்தப் பையன் வந்து பத்து ரூபாய் கொடுத்தாலும் எல்லா வீரர்களும் அவனுக்குத் திறந்திருப்பார்கள். அதில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

நண்பனுடைய ஆள் எடி. பிரேசில்காரன், கப்போயிரா என்கிற நடனம் கலந்த சண்டைக்கலை ஆடுபவன். கன்ட்ரோலரில் எக்ஸ் பட்டனையும் வட்டப் பட்டனையும் மாற்றி மாற்றித் தட்டினாலே கையைத் தரையில் ஊன்றிச் சுழன்று உதைப்பான். சும்மா தட்டுகிறான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இல்லை. எந்த நேரத்தில் படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

இந்தக் கடையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேம் கடை என்றாலே பையன்கள் கெட்டுப்போகிற இடம் என்று எங்கள் தெருவில் பேசிப் பேசியே அதை மூட வைத்தார்கள். வட சென்னை என்றால் வெளியில் இருப்பவர்கள் பேசுவது ஒரு பக்கம். எங்கள் ஆட்களே எங்கள் பிள்ளைகளை அப்படிப் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை. பள்ளிச் சீருடையில் வந்தவனைப் பாய் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. பரீட்சை நேரத்தில் எங்களைத் திட்டி அனுப்பியவர் அவர். கடையை மூடியபின் அந்தப் பையன்கள் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெக்கன் 8 வந்தது 2024 ஜனவரியில். முதல் நாளிலேயே 32 வீரர்கள் இருந்தார்கள், எடி இல்லை. ஏப்ரலில் முதல் டிஎல்சி வீரனாக அவனைக் காசுக்கு விட்டார்கள். முந்தைய டெக்கன் 7 ப்ளேஸ்டேஷனில் வந்தபோது அவன் கேமுக்குள்ளேயே இருந்தான். அக்டோபரில் ஹெய்ஹாச்சி, அவனுக்கும் காசு. நாங்கள் விடுமுறை முழுக்க அடித்துத் திறந்த அதே ஹெய்ஹாச்சி.

நான் தவணையில் ப்ளேஸ்டேஷன் 5 வாங்கி டெக்கன் 8-ம் வாங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனை வரச் சொன்னேன். இப்போது திருவொற்றியூரில் இருக்கிறான், கிடங்கில் லோடு வேலை. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வந்து இறங்கினான். கன்ட்ரோலரைக் கையில் வாங்கியதும் எடியைத் தேடினான். அவன் இருந்த கட்டத்தில் பூட்டு.

"இவன் நம்ம ஆளுடா. இவனுக்கு எதுக்குக் காசு?" என்றான்.

சில நூறு ரூபாய்தான், இதோ வாங்கிவிடுகிறேன் என்று நான் போனை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் மச்சி, எனக்காகச் செலவு பண்ணாதே." வேறு ஒருவனை வைத்து நாலு ஆட்டம் ஆடினான், நாலிலும் தோற்றான், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். இருபது வருடம் கழித்து என் வீட்டுக்கு விளையாட வந்தவன், என் செலவுக் கணக்கைப் பார்த்துத் தன் ஆளை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். அந்த நாள் எனக்கு ஆறவே இல்லை.

"பர்மா பஜாரில் திருட்டு சிடி வாங்கி ஆடிய தலைமுறை, நீங்கள் நியாயம் பேசலாமா?" என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஆமாம், பாய் கடையில் ஓடியது அந்த சிடிதான். அது சரி என்று நான் சொல்லவில்லை. இன்று சம்பாதிக்கிறேன், முழு விலை கொடுத்து வாங்குகிறேன். வாங்கியவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன். நிறுவனம் லாபம் பார்க்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு வீரனை வரைந்து, அசைத்து, மற்ற 32 பேரோடு மோதவிட்டுச் சரிபார்ப்பது பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

கேம் முடிந்த பிறகு புதிதாக உழைத்துச் செய்ததற்குக் காசு கேட்டால் நான் கொடுப்பேன். விட்சர் 3 என்ற கேம் வெளியானது 2015-ல். அடுத்த வருடம் அதற்கு 'பிளட் அண்ட் ஒயின்' என்று புதிய நாடு, புதிய கதையோடு ஒரு பகுதி வந்தது. தனி கேம் என்றே சொல்லலாம். அதே கேமுக்கு 16 சின்னச் சின்னச் சேர்க்கைகளை இலவசமாகவும் கொடுத்தார்கள். எல்டன் ரிங் 2022-ல் வந்தது, அதன் பெரிய டிஎல்சி 2024-ல். இவற்றுக்குக் கொடுத்த காசை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஆனால் 2012-ல் வந்த அசுராஸ் ராத் கேமில் கதையின் உண்மையான முடிவையே தனியாக விற்றார்கள். அதே வருடம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கனில் 12 வீரர்கள் கடையில் வாங்கிய கேம் வட்டுக்குள்ளேயே (டிஸ்க்) இருந்தார்கள், பூட்டியபடி. கையில் வட்டு இருக்கிறது, அதில் ஆள் இருக்கிறான், திறக்க மட்டும் தனிக்காசு. மாஸ் எஃபெக்ட் 3-ல் கதைக்கு வேர் போன்ற ஒரு இனத்தின் கடைசி ஆளை, கேம் வெளிவந்த அன்றே டிஎல்சியாக விற்றார்கள். இதையெல்லாம் 'விருப்பம் இருந்தால் வாங்கு' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எடி எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டால் என் பதில் உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். எந்த வீரன், ஏன் அவன்தான் வேண்டும் என்று மகனிடம் உட்கார்ந்து கேளுங்கள். புதிதாக வந்தவன், எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்றால் காத்திருக்கச் சொல்லலாம். ஒரு வருடத்தில் பெரும்பாலும் விலை குறையும், எல்லாம் சேர்ந்த பதிப்பும் வரலாம். அவன் ரொம்ப நாளாக ஆடிப் பழகிய ஆள், அவன் இல்லாமல் நண்பர்களோடு உட்கார முடியவில்லை என்றால் ஒருமுறை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கார்டு எண்ணை அந்தக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள், வேண்டிய தொகைக்கு மட்டும் கிஃப்ட் கார்டு வாங்கிப் போடுங்கள். ஏமாற்றுகிறாயா என்று ஏற்கெனவே திட்டியிருந்தால், இல்லை என்று தெரிந்துகொண்டேன் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.