இருவராக இத்தாலிச் சாலைகளில்: கேள்வி பதில்

டஸ்கனி, அதை ஒட்டிய உம்ப்ரியா ஆகிய பகுதிகளில் துணையோடு காரில் சுற்ற விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். என் தோழியும் நானும் மாறி மாறி ஓட்டிப் பழகிய சாலைகள் இவை.

சென்னை வாசகி: அக்கா, பத்து நாளில் ரோம், நேப்பிள்ஸ், ஃபிளாரன்ஸ், வெனிஸ், மிலான் எல்லாவற்றையும் காரிலேயே பார்த்துவிட நானும் கணவரும் நினைக்கிறோம். முடியுமா?

முடியும், ஆனால் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்து நகரங்களையும் அதிவேக ரயில்கள் இணைக்கின்றன. நகரத்துக்குள் கார் வெறும் சுமை. வெனிஸ் தீவுக்குள்ளோ காருக்கு வழியே இல்லை. பெருநகரங்களை ரயிலுக்கு விட்டுவிடுங்கள். ரயில் எட்டாத குன்றுகளுக்கும் கிராமங்களுக்கும்தான் கார் வேண்டும்.

ஃபிளாரன்ஸ் ஊருக்குள் காரை எடுக்காமல் விமான நிலையத்தில் எடுங்கள். அங்கிருந்து சியெனா வரை போகும் விரைவுச் சாலைக்குக் கட்டணம் கிடையாது. சியெனாவிலிருந்து தெற்கே காசியா என்னும் பழைய ரோமானியச் சாலையைப் பிடித்தால் சான் குயிரிகோ வரும். அங்கிருந்து பியென்சா பத்து கிலோமீட்டர், அதற்கப்பால் மோன்டெபுல்சியானோ ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். பிறகு ஓர்வியேட்டோ. கடைசியில் ரோம் நகருக்குள் நுழையாமலே ஃபியூமிசினோ விமான நிலையத்தில் காரை ஒப்படைத்துவிடலாம். இதற்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள். வரைபடத்தில் ஒரு சாண் தூரம்தான். ஆனால் சாலை வளைந்து வளைந்து போகும், நிறுத்தச் சொல்லும் இடங்களும் ஏராளம்.

திருச்சி வாசகர்: இத்தாலியில் கார் ஓட்டிவிட்டு வந்த நண்பருக்குப் பல மாதங்கள் கழித்து அபராதம் வந்தது. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

பெரும்பாலும் இசட்.டி.எல். எனப்படும் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதிதான் காரணமாக இருக்கும். பழைய நகர மையங்களில் உள்ளூர்வாசிகளுக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே வாகனம் ஓட்ட உரிமை உண்டு. நுழைவாயிலில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும், மேலே கேமரா இருக்கும். தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் நுழைந்ததே பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுக்கும், அதற்கும் ஒரு கட்டணம் பிடிக்கும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப ஓராண்டு அளவுக்குச் சட்டம் அவகாசம் தருகிறது.

தங்கும் விடுதி அந்த எல்லைக்குள் இருந்தால், போகும் முன்பே காரின் எண்ணை அவர்களுக்கு அனுப்பி, பதிவு செய்துவிட்டார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற இடங்களில் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. சியெனாவில் சாந்தா கத்தரீனா கார் நிறுத்தத்திலிருந்து மேலே ஊருக்குப் போக நகரும் படிக்கட்டே வைத்திருக்கிறார்கள். தெருவோரக் கோடுகளையும் கவனியுங்கள்: வெள்ளைக்குக் கட்டணமில்லை, நீலத்துக்கு உண்டு, மஞ்சளில் நிறுத்தவே கூடாது.

சேலம் வாசகர்: நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா?

அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும், ஓராண்டு செல்லும். இரண்டையும் கையில் வைத்திருங்கள். இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டாமவர் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், அங்கே கியர் வண்டிகளே அதிகம். ஊருக்கு வெளியே பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கோவை வாசகி: எனக்கு மட்டும்தான் ஓட்டத் தெரியும். பக்கத்தில் உட்காரும் கணவருக்கு ஒரே பதற்றம். சண்டை போடாமல் ஊர் வந்து சேர வழி சொல்லுங்கள் அக்கா.

அவருக்கு வேலை கொடுங்கள் அம்மா, பாதிப் பதற்றம் தணிந்துவிடும். இத்தாலியில் பக்கத்து இருக்கைக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர், இடப்பக்கம் உட்கார்ந்ததும் தன்னை அறியாமலே காரை வலப்புறம் ஒதுக்கிக்கொண்டு போவார். அங்கே பல கிராமச் சாலைகளில் தார் முடிந்த இடத்திலேயே வாய்க்கால் தொடங்கிவிடும். வலது சக்கரம் ஓரத்து வெள்ளைக் கோட்டை நெருங்குவது உங்களைவிட அவர் கண்ணுக்கே முதலில் படும். “கோடு” என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். என் தோழியும் நானும் அப்படித்தான் செய்கிறோம்.

இரண்டாவது வேலை வழி சொல்வது. கைபேசி “எஸ்.பி. 146-இல் திரும்பவும்” என்று சொல்லும். ரவுண்டானாவிலோ அந்தச் சாலை எண் கண்ணில் படாது, பலகையில் ஊர்ப் பெயர்கள்தான் இருக்கும். அடுத்தடுத்து வரும் நான்கு ஊர்களின் பெயரைக் காலையிலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதி அவர் மடியில் வைத்துவிடுங்கள். வெளியேறும் வழி புரியவில்லையா? ரவுண்டானாவை இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். அவசரப்பட்டுத் திரும்பும்போதுதான் குரல் உயர்கிறது.

இன்னொன்றையும் மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுபவரால் காட்சியைப் பார்க்கவே முடியாது. சான் குயிரிகோவுக்கும் பியென்சாவுக்கும் நடுவே, இரு பக்கமும் சைப்ரஸ் மரம் நிற்க, குன்றின்மேல் தனியாக வித்தாலேத்தா என்ற சிறு தேவாலயம் தெரியும். பக்கத்தில் இருப்பவர் “அடடா, பார் பார்” என்பார், நீங்களோ வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். பயணம் முழுதும் இப்படியே போனால் ஊர் திரும்பியபின் ஒருவருக்குத்தான் நினைவுகள் இருக்கும். ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தி, இருவருமாக இறங்கிப் பாருங்கள்.

மதுரை வாசகர்: சுங்கச்சாவடியில் எந்த வரிசையில் போவது?

நெடுஞ்சாலைப் பலகைகள் பச்சை நிறம். நுழையும்போது இயந்திரம் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், வெளியேறும்போது தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். வெள்ளைப் பலகையில் நாணயமும் நோட்டும் வரைந்திருந்தால் ரொக்கம், நீலம் என்றால் கார்டு. மஞ்சள் என்றால், தானாகக் கட்டணம் கழிக்கும் டெலிபாஸ் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். தவறான வரிசையில் மாட்டிக்கொண்டால் ஒருபோதும் பின்னால் எடுக்காதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்துங்கள். ரசீது வரும், 15 நாளுக்குள் கட்டிவிடலாம்.

கும்பகோணம் வாசகி: நாங்கள் சைவம். ரொட்டியும் பழமும் தின்றே நாளைக் கடத்த வேண்டுமா?

கடத்தவே வேண்டாம். சியெனா பக்கத்துக்கே உரிய பீச்சி இருக்கிறது: மாவையும் தண்ணீரையும் பிசைந்து கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. வழக்கமாக முட்டை சேர்ப்பதில்லை. தக்காளியும் பெரிய பல் பூண்டும் போட்ட “ஆல்லியோனே” குழம்போடு கேளுங்கள், பூண்டு வாசம் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். பழைய ரொட்டியைத் தக்காளியில் வேகவைத்த பாப்பா அல் பொமொதோரோவும், பீன்ஸும் கருங்கீரையும் சேர்ந்த ரிபொல்லிதாவும் உண்டு. ஆனால் சூப் வகைகளில் இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று கேட்ட பிறகே சாப்பிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பை நொதியால்தான் உறைய வைக்கிறார்கள், பெகோரினோ என்ற செம்மறி ஆட்டுப்பால் கட்டியிலும் பெரும்பாலும் விலங்கு நொதிதான். கண்டிப்பான சைவம் என்றால் தட்டில் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, அது அவர்கள் வழக்கம்.

சமையலறை பிற்பகல் இரண்டரை வாக்கில் மூடினால் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். சாப்பாட்டு நேரத்தை வைத்தே அன்றைய தூரத்தை முடிவு செய்யுங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: எழுபது தாண்டிய அப்பாவோடு போகிறேன். மேடேற அவரால் முடியாது. எந்த ஊர் பொருத்தம்?

பியென்சா. குன்றின்மேல் இருந்தாலும் ஊருக்குள் நடை அநேகமாகச் சமதளம். இந்த ஊரில் பிறந்து போப்பாண்டவரான இரண்டாம் பயஸ், 1459-இல் தொடங்கி பெர்னார்தோ ரொசெல்லினோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஊரின் நடுப்பகுதியையே புதிதாகக் கட்டினார், தன் பெயரையும் சூட்டினார். தேவாலயம் மண் இளகிய சரிவின் விளிம்பில் நிற்கிறது. உள்ளே பலிபீடத்தை நோக்கி நடக்கும்போது தரை தாழ்வதைக் காலே உணரும். அதன் பின்புற மதிலோரப் பாதையில் அப்பாவை நிறுத்துங்கள்: கீழே ஓர்ச்சா பள்ளத்தாக்கு முழுதும், எதிரே அமியாத்தா மலை.

மோன்டெபுல்சியானோவின் தெரு செங்குத்தானது, அவரை ஏற்ற வேண்டாம். ஊருக்குக் கீழே பச்சைப் புல்வெளியில் சான் பியாஜோ தேவாலயம் தனியாக நிற்கிறது. அருகிலேயே கார் நிறுத்தலாம். மூத்த அந்தோனியோ தா சங்கால்லோ கட்டியது. எனக்கு அந்த ஊரில் அதுவே போதும்.

ஈரோடு வாசகி: எந்த மாதம்?

மே. கோதுமை பச்சையாக நிற்கும், நடுவே சிவப்புப் பாப்பிப் பூ. அறுவடை முடிந்த ஜூலையில் குன்றுகள் பழுப்பாகிவிடும். பலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் நடக்கும். அதற்கென்றே போகாதவர்கள் அந்த நாட்களில் சியெனாவைத் தவிர்த்துவிடுங்கள்.

நெல்லை வாசகர்: ஓர்வியேட்டோ, அசிசி இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

மேலே நான் சொன்ன வழியில் இருப்பது ஓர்வியேட்டோ. அங்கே சான் பத்ரீத்சியோ கிணற்றைத் தவறவிடாதீர்கள். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமெண்ட் இந்த ஊரில் தஞ்சம் புகுந்தார். முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டுமே என்று, மேலே சொன்ன சங்கால்லோவின் சகோதரி மகனான இளைய சங்கால்லோவிடம் வெட்டச் சொன்னார். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள் பாதைகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். இறங்கும் கழுதையும் தண்ணீர் சுமந்து ஏறும் கழுதையும் எதிரெதிரே வராமலிருக்க இந்த ஏற்பாடு. நடுத்தண்டின் சாளரங்கள் வழியே ஒளி இறங்கும். அதில் ஒன்றில் நின்று பார்த்தால், எதிர்ச் சாளரத்தில் மேலேறிக்கொண்டிருக்கும் முகங்கள் தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள். காரை அடிவாரத்து ரயில் நிலையத்தருகே விட்டுவிட்டுக் கம்பிவட ரயிலில் ஏறினால், மேலே இறங்கும் சதுக்கத்தை ஒட்டியே கிணறு.